குருத்துக்குள் நடக்கும் பேரம்: செடி ஹார்மோன்களும் குருத்தணுக்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முருங்கையைக் கிள்ளினால் ஏன் கிளைக்கிறது, தென்னைக்குக் குருத்து போனால் ஏன் மரமே போய்விடுகிறது, யூரியா போட்டதும் கொழுந்து ஏன் திமுதிமுவென்று கிளம்புகிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது. வாழைத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் சில வருடம் குருத்து உரித்திருக்கிறேன், மொட்டைமாடியில் கொஞ்சம் செடி வைத்திருக்கிறேன், மீதி படித்தது. மரபணுப் பெயர்கள் ஒன்றிரண்டு வரும், பயப்பட வேண்டாம்.

குருத்து நுனியில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு தக்காளி நாற்றை எடுத்து, நுனியில் மூடிக்கொண்டிருக்கும் குட்டி இலைகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போங்கள். இனிமேல் உரிக்க ஒன்றுமில்லை என்று தோன்றுகிற இடத்தில், நுண்ணோக்கிக்கு அடியில் பார்த்தால், ஈரமாக, பளபளவென்று, ஒரு கண்ணாடித் துளி உறைந்த மாதிரி சின்ன மேடு தெரியும். கடுகின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், அதுதான் அடுத்த இலை. இந்த மேட்டுக்கு நம் பாடப்புத்தகத்தில் நுனி ஆக்குத்திசு என்று பெயர், இலங்கைப் புத்தகங்களில் பிரியிழையம். தரைக்கு மேலே நீங்கள் பார்க்கிற தண்டு, இலை, பூ, காய் எல்லாமே இந்த மாதிரி மேடுகளிலிருந்து வந்தவைதான்.

அந்த மேட்டின் நட்டநடுவில் சில பத்து செல்கள் மெதுவாகப் பிரிந்துகொண்டிருக்கும். அவைதான் குருத்தணுக்கள். பிரிந்து வந்த செல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டால் இலையாகவோ பூவாகவோ போகும், கீழே தள்ளப்பட்டால் தண்டாகும், நடுவிலேயே தங்கினால் குருத்தணுவாகவே இருக்கும்.

குருத்தணு என்றால் ஸ்டெம் செல்தானே? மனிதனுக்கு இருப்பது மாதிரியா?

அதேதான். ஆனால் தமிழ்ப் பெயர் செடிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இந்த அணுக்கள் நிஜமாகவே குருத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. செடியில் ஒரு செல் குருத்தணுவாக இருப்பதற்குக் காரணம் அது உட்கார்ந்திருக்கும் இடம், அதன் பிறப்பு அல்ல. பஸ்ஸில் டிரைவர் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவர்தான் டிரைவர் என்கிற மாதிரி. 2003-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆய்வாளர்கள் தக்காளிக் குருத்தின் நடுப்பகுதியை லேசரால் சுட்டுப் பார்த்தார்கள். செடி சாகவில்லை. பக்கத்திலிருந்த சாதாரணச் செல்கள் நகர்ந்து புது நடுப்பகுதியாக மாறிவிட்டன, வேலை தொடர்ந்தது. அப்படியென்றால் "நீ நடுவில் இருக்கிறாய், நீ ஓரத்தில் இருக்கிறாய்" என்று அந்தச் செல்களுக்கு யார் சொல்வது? அங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன.

எத்தனை ஹார்மோன்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யணுமா?

வேண்டாம். குருத்து நுனியைப் பொறுத்தவரை இரண்டு பேர்தான் முக்கியம்: சைட்டோகைனின், ஆக்சின். ஜிப்ரெலின் வாசலில் நிறுத்தி வைக்கப்படுகிற ஆள். ஸ்ட்ரிகோலாக்டோன் பக்க மொட்டுகளின் கதையில் வருவார். ஒவ்வொன்றுக்கும் "இது வளர்க்கும், அது தடுக்கும்" என்று ஒற்றை வரியில் வேலை எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் பள்ளியிலிருந்து வந்தது, அதை இங்கே கொஞ்சம் மறந்துவிடுவது நல்லது. ஒரே ஹார்மோன் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் வேறு அர்த்தம் தரும்.

சைட்டோகைனின் எங்கிருந்து வந்தது?

இந்தக் கதையில் நம் இளநீருக்கு ஒரு இடம் உண்டு. 1941-இல் வான் ஓவர்பீக் என்பவரும் கூட்டாளிகளும் ஊமத்தையின் குட்டிக் கருவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முயன்றார்கள். சர்க்கரை, உப்பு, வைட்டமின் எல்லாம் கொடுத்தும் வளரவில்லை, இளநீர் ஊற்றியதும் வளர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது தெரியாது. 1955-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் குழு ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த பழைய டி.என்.ஏ. புட்டி ஒன்றைப் போட்டபோது புகையிலைச் செல்கள் பிரிய ஆரம்பித்தன. புதுப் புட்டி வாங்கிப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதை அழுத்தத்தில் வேகவைத்தபோதுதான் வேலை செய்தது, அதாவது டி.என்.ஏ. சிதைந்து உண்டான ஒரு பொருள்தான் காரணம். அதற்குக் கைனெட்டின் என்று பெயர் வைத்தார்கள். செடியே தயாரிக்கும் சைட்டோகைனினை 1960-களில் மக்காச்சோளத்தின் இளம் மணியிலிருந்து பிரித்தெடுத்தார்கள், அது சியாட்டின். பிற்பாடு இளநீரைச் சோதித்தபோது அதிலும் அதே குடும்பத்துச் சரக்கு இருந்தது.

1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் செய்த சோதனைதான் இன்றைக்கும் எல்லாத் திசு வளர்ப்புக் கூடங்களுக்கும் சோறு போடுகிறது. புகையிலைத் தண்டின் சோற்றுப்பகுதியை ஊடகத்தில், அதாவது செடிக்கு வேண்டிய சத்துகள் கலந்த கூழில், வைத்து இரண்டு ஹார்மோன்களின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் குருத்து வருகிறது, ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர் வருகிறது, இரண்டும் சமமாக இருந்தால் உருவமில்லாத ஒரு கட்டி மட்டும் பெருக்கிறது.

சரி, குருத்தணுக்களைக் காப்பாற்றுவது சைட்டோகைனின்தான் என்றால், அது பெருகப் பெருகக் குருத்து வீங்கிக்கொண்டே போகாதா?

போகும், தடுப்பு இல்லாவிட்டால். இந்தத் தடுப்புதான் எனக்குப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மேட்டின் உச்சியில் இருக்கும் குருத்தணுக்களுக்கு நேர் கீழே ஒரு சின்னக் கூட்டம் செல்கள் உண்டு. அங்கே வுஷெல் என்ற மரபணு வேலை செய்கிறது. ஜெர்மன் மொழியில் அதற்குக் கலைந்த தலைமுடி என்று பொருள். அந்த மரபணு பழுதான செடியில் குருத்து கொஞ்சம் தொடங்கும், நின்றுவிடும், பக்கத்தில் இன்னொன்று தொடங்கும், அதுவும் நிற்கும், கடைசியில் செடி பார்க்கத் தலைவாராத பிள்ளை மாதிரி இருக்கும். பெயர் அதனால். வுஷெல் புரதம் செல்களுக்கு இடையிலிருக்கும் நுண்ணிய வழிகளில் மேலே ஏறிப் போய், "நீங்கள் குருத்தணுக்களாகவே இருங்கள்" என்று உச்சிச் செல்களை இருத்தி வைக்கிறது.

உச்சிச் செல்கள் சும்மா இருப்பதில்லை. கிளவாட்டா-3 என்ற குட்டிப் புரதத்துண்டு ஒன்றை, பன்னிரண்டு பதின்மூன்று அமினோ அமிலம் அளவுதான், கீழே கசியவிடுகின்றன. அது கீழே போய் வுஷெலை அடக்குகிறது. குருத்தணுக்கள் கூடினால் கிளவாட்டா கூடும், வுஷெல் குறையும், அதனால் குருத்தணுக்கள் குறையும். குறைந்ததும் கிளவாட்டா குறைந்து வுஷெல் மறுபடி தலைதூக்கும். மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு தண்ணீரை நிறுத்துவதும் திறப்பதும் இதே கணக்குத்தான். 2000-ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் இந்தச் சுற்றைக் காட்டின.

இதில் சைட்டோகைனின் எங்கே? வுஷெலைத் தூண்டிவிடுவதே அதுதான். வுஷெலும் கைமாறு செய்கிறது: சைட்டோகைனினுக்குச் செல்லுக்குள்ளேயே பிரேக் போடுகிற சில மரபணுக்கள் உண்டு, அவற்றை வுஷெல் நேரடியாக அணைத்துவிடும், 2005-இல் தெரிந்தது இது. ஆக, ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிறார்கள். மேலே கிளவாட்டா மட்டும் கண்காணிக்காவிட்டால் கதை கந்தல்.

இடமும் கணக்காக அமைகிறது. சைட்டோகைனினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி மேட்டின் மேல்தோலில் இருக்கிறது. அதை உணரும் ஏற்பியோ உள்ளே, கொஞ்சம் ஆழத்தில் மிகுந்திருக்கிறது. மேலிருந்து ஒன்று இறங்கி வர, கீழிருந்து ஒன்று எதிர்பார்த்திருக்க, இரண்டும் சந்திக்கிற ஆழத்தில்தான் வுஷெல் விழிக்கிறது. அதனால்தான் குருத்து எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் அந்தக் கூட்டம் உச்சியிலிருந்து அதே தூரத்தில் கூடவே ஏறிக்கொண்டு வருகிறது.

அந்த "கந்தல்" எப்படி இருக்கும்? எங்காவது பார்க்கலாமா?

கோழிக்கொண்டைப் பூ பார்த்திருக்கிறீர்களா? ஒரு புள்ளியாக வளர வேண்டிய நுனி, கோடாக நீண்டு, மடிந்து மடிந்து சேவல் கொண்டை மாதிரி ஆனதுதான் அது. சில சமயம் தோட்டத்தில் ஏதாவது ஒரு செடியின் தண்டு பட்டையாக, நாடா மாதிரி விரிந்து வரும், அதுவும் இதே வகைக் கோளாறு.

இன்னொன்று தினமும் சமையலறையில் இருக்கிறது. காட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் விதை அறை இரண்டுதான் இருக்கும். பெரிய, பள்ளமும் மேடுமாக இருக்கிற தக்காளியை வெட்டிப் பாருங்கள், ஆறு, எட்டு என்று அறைகள் இருக்கும். தக்காளியின் கிளவாட்டா-3 மரபணுவுக்குப் பக்கத்தில் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிப்போனதால் அந்த மரபணு மந்தமாகி, பூவின் ஆக்குத்திசு கொஞ்சம் அகலமாகி, அறைகள் கூடிவிட்டன. 2015-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஆனால் அந்தச் செடியைப் பொறுக்கி வைத்து விதை எடுத்த விவசாயிகள் எந்த மரபணுவையும் கேள்விப்படாமலேயே அதைச் செய்து முடித்துவிட்டார்கள். நாட்டுத் தக்காளி ரசத்துக்கு நல்லது என்பது வேறு விஷயம்.

ஆக்சினின் வேலை என்ன? அது நுனியைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா?

எங்கே என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். மேட்டின் ஓரத்தில் ஆக்சின் குவிந்த இடத்தில் இலை முளைக்கும். ஆக்சினை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தள்ளும் பம்பு ஒன்று உண்டு, பின்-1 என்று பெயர். அது பழுதான செடியின் பூந்தண்டு பூவே இல்லாமல் குண்டூசி மாதிரி மொட்டையாக நிற்கும், பெயரே அதிலிருந்துதான். உள்ளே குருத்தணுக்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, பிள்ளைகள்தான் பிறக்கவில்லை. 2000-இல் பெர்னில் ஒரு காரியம் செய்தார்கள்: ஆக்சினைக் கம்பளிக் கொழுப்பில் குழைத்து, அந்த மொட்டை நுனியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். பொட்டு வைத்த இடத்தில் உறுப்பு முளைத்தது. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இலை முளைத்ததும் அது சுற்றுவட்டாரத்து ஆக்சினையெல்லாம் தன் பக்கம் இழுத்து நரம்பு வழியாகக் கீழே அனுப்பிவிடும். அதனால் அடுத்த இலை அதற்குப் பக்கத்தில் வர முடியாது, ஆக்சின் மிச்சமிருக்கும் தூரத்து இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். இப்படியே இடம் பிடித்துக்கொண்டு போனால் பல செடிகளில் ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே சுமார் 137.5 டிகிரி கோணம் வருகிறது. சூரியகாந்தித் தட்டில் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று சுருள்கள் எண்ணிக் காட்டுகிறார்களே, அதற்கும் அடிப்படை இதுதான். பிரபஞ்ச ரகசியம், தெய்வீகக் கணிதம் என்றெல்லாம் வாட்சப்பில் வருவதைப் படிக்கும்போது, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யார் பக்கத்திலும் உட்காராமல் காலி சீட்டாகத் தேடுவதை நினைத்துக்கொள்வேன்.

நடுவில் ஆக்சினின் பேச்சு மிகக் குறைவாகத்தான் எடுபடும், ஆனால் முழுக்க அடைபடாது. அங்கேயும் வுஷெல்தான் குழாயைத் திருகி வைத்த மாதிரி, குருத்தணு கெட்டுப்போகாத அளவுக்கு, சொட்டுச் சொட்டாக மட்டும் விடுகிறது என்று 2019-இல் காட்டினார்கள். இன்னொரு வேடிக்கை: சைட்டோகைனினுக்குப் பிரேக் போடும் மரபணுக்கள் என்றேனே, அவற்றில் இரண்டை ஆக்சினின் ஆளும் அடக்குகிறார். எதிரிகள் என்று புத்தகத்தில் படித்த இருவர் இங்கே கூட்டணி.

ஜிப்ரெலின்?

நீளச் செய்வது அதன் வேலை. 1926-இல் தைவானில் குரோசாவா என்பவர், நெல்நாற்று ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து விழுகிற நோய்க்கு ஒரு பூஞ்சை விடும் பொருள்தான் காரணம் என்று காட்டினார், அதுதான் ஜிப்ரெலின். குருத்தணு இருக்கும் இடத்தில் செல்கள் சின்னதாக, முதிராமல் இருக்க வேண்டுமே, அதனால் ஜிப்ரெலினுக்கு அங்கே அனுமதி இல்லை. நாக்ஸ் குடும்பத்து மரபணுக்கள் உள்ளே அதன் தயாரிப்பை நிறுத்துகின்றன, எல்லையில் அதை உடைக்கும் நொதியை நிறுத்தி வைக்கின்றன, கூடவே சைட்டோகைனினையும் கூட்டிவிடுகின்றன. எல்லை தாண்டிக் கீழே வந்த செல்லுக்கு ஜிப்ரெலின் கிடைக்கும், அது நீண்டு தண்டாகும். 1966-இல் வந்த ஐ.ஆர்.8 குட்டை நெல்லில் இந்த ஜிப்ரெலின் தயாரிப்பில்தான் ஒரு மரபணு பழுது, அதனால்தான் உரம் போட்டும் சாயாமல் நின்றது.

முருங்கை நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை ஏன் வருகிறது?

விதை போட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. செவ்வந்தியிலும் கிள்ளுகிறோம், தேயிலைத் தோட்டத்தில் இரண்டு இலை ஒரு மொட்டு என்று கொழுந்து எடுப்பதும், கவாத்து செய்வதும் அடிப்படையில் இதே காரியம்தான். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு கோண மொட்டு, அதற்குள் ஒரு குட்டி ஆக்குத்திசு தூங்கிக்கொண்டிருக்கிறது. மேல் நுனி இருக்கும்வரை அது எழாது.

பழைய விளக்கம் இது: நுனியிலிருந்து ஆக்சின் கீழே இறங்கி மொட்டுகளை அடக்குகிறது, நுனி போனால் அடக்குமுறையும் போய்விடும். 1930-களில் திமன், ஸ்கூக் இருவரும் நுனி வெட்டிய மொச்சை வகைச் செடியின் வெட்டுவாயில் ஆக்சின் வைத்து, மொட்டு எழாததைக் காட்டினார்கள். தப்பில்லை, ஆனால் கதை அவ்வளவு நேரானதல்ல. ஆக்சின் மொட்டுக்குள் போவதே இல்லை, தண்டு வழியாக நேரே கீழே போகிறது. போகிற வழியில் சைட்டோகைனின் தயாரிப்பைக் குறைக்கிறது, ஸ்ட்ரிகோலாக்டோனைக் கூட்டுகிறது. இந்த ஸ்ட்ரிகோலாக்டோன்தான் மொட்டிடம் போய் "படு" என்று சொல்லும். சோளக்காட்டில் வேரில் ஒட்டி உயிரை வாங்குமே சுடுமல்லிக் களை, அதன் விதையை முளைக்க வைக்கும் பொருளாகத்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். கிளை விடுவதைத் தடுக்கும் ஹார்மோனும் இதுவே என்று 2008-இல்தான் தெரிந்தது. நெல்லில் இது பழுதானால் பயிர் குட்டையாகி, கட்டுக்கடங்காமல் தூர் கட்டும்.

அப்புறம் சர்க்கரை. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் பட்டாணிச் செடியில் நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்த சேதி வந்து சேர்வதற்கு முன்னாலேயே கீழ் மொட்டு அசைய ஆரம்பித்துவிடுகிறது. நுனி தின்றுகொண்டிருந்த சர்க்கரை திடீரென்று மிஞ்சி, மொட்டுக்கு ஓடிவருவதுதான் முதல் தூண்டுதல் என்று 2014-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று காட்டியது. பெரியவன் பந்தியிலிருந்து எழுந்தால்தான் தம்பிகளுக்கு இலை போடுவார்கள். கிள்ளும்போது கீழே நாலு நல்ல இலை இருக்கட்டும், சர்க்கரை அங்கிருந்துதான் வர வேண்டும். முழு மொட்டையாக வெட்டிவிட்டுக் கிளை வரவில்லையே என்று காத்திருந்த ஆள் நானேதான்.

அப்படியென்றால் தென்னைக்குக் குருத்து போனால் மட்டும் ஏன் பக்கத்தில் எழவில்லை?

எழுவதற்கு அங்கே ஆள் இல்லை. தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உண்டு, ஆனால் அது பாளையாகப் போகப் பிறந்தது, கிளையாகாது. மரம் முழுவதற்கும் குருத்தணு உள்ள வளரும் நுனி ஒன்றே ஒன்று. குருத்தழுகல் நோயோ சிவப்புக் கூன்வண்டோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது.

காண்டாமிருக வண்டு கடித்த மரம் பிழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரிந்த மட்டையில் ஓலைகளைக் கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டிவிட்ட தோற்றம் இருக்கும். வண்டு, விரியாமல் சுருண்டிருந்த குருத்தோலையைத் துளைத்திருக்கிறது, அதற்கும் அடியிலிருந்த ஆக்குத்திசு வரை போகவில்லை என்று அர்த்தம். அந்த விசிறி வெட்டு மரம் தப்பித்ததற்கான ரசீது.

வாழையை வெட்டினால் நடுவிலிருந்து மறுபடி குருத்து வருகிறதே?

ஏனென்றால் நீங்கள் வெட்டியது தண்டே இல்லை. அது இலையுறைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கிற தூண். ஆக்குத்திசு தரையோரம் கிழங்கின் தலையில் பத்திரமாக இருக்கிறது. சின்ன வயதில் இளவாழையைச் சமமாக வெட்டி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நடுவட்டம் மட்டும் மேலே எழுந்து நிற்கும், அந்த ஆச்சரியம் பலருக்கும் இருந்திருக்கும். கீழிருந்து புது இலை தள்ளுகிறது, அவ்வளவுதான்.

பூக்கும் காலம் வந்ததும் அந்த ஆக்குத்திசு பூவாக மாறி, தூணுக்கு நடுவே மேலேறும். அப்போது வருவதுதான் நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு, குலை தள்ளாத வாழையில் தண்டு கிடைக்காதது இதனால்தான். குலையோடு அந்த நுனியின் ஆயுள் முடிந்தது. கிழங்கில் உள்ள பக்க மொட்டுகள் கன்றாக எழுந்து வாழையடி வாழையாகத் தொடரும்.

புல்லை வெட்டினாலும் வளர்கிறதே, அதுவும் இதே காரணமா?

ஆமாம், நுனி தரையோரம் இருக்கிறது, இலையும் அடியிலிருந்துதான் நீள்கிறது. மாடு மேய்வது அதற்குப் பழகிப்போன விஷயம்.

யூரியா போட்டதும் கொழுந்து கிளம்புவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. மண்ணில் யூரியா மாறி மாறி நைட்ரேட் ஆகிறது. வேருக்கு நைட்ரேட் கிடைத்ததும் அது சைட்டோகைனினின் முன்வடிவம் ஒன்றைத் தண்ணீரோடு மேலே அனுப்புகிறது, நுனியில் அது செயல்படும் வடிவமாக மாறி வுஷெலைத் தூண்டுகிறது, மேடு பெரிதாகிறது. 2018-இல் அராபிடாப்சிஸில் இதை அளந்து காட்டினார்கள். வேர் "சாப்பாடு வந்தாச்சு, பிள்ளை பெறலாம்" என்று அனுப்பும் தந்தி அது. தழைச்சத்து அளவு மீறினால் கொழுந்து மட்டும் கொழுத்து, பூச்சி தேடி வரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடையில் விற்கும் ஹார்மோன் மருந்தை நுனியில் அடித்தால் குருத்தணு கூடுமா?

கூடாது, பெரும்பாலும் கெடுதல்தான். இதுவரை சொன்னதெல்லாம் மேல்தோலில் ஒன்று, அதற்கு இரண்டு மூன்று அடுக்குக் கீழே வேறொன்று, ஓரத்தில் இன்னொன்று என்று முடியளவு இடைவெளியில் நடக்கும் பேரம். தெளிப்பான் அந்த இடைவெளியைப் பார்க்காது, எல்லா இடத்திலும் ஒரே அளவு ஊற்றும். பிளானோபிக்ஸ் என்ற பெயரில் வரும் என்.ஏ.ஏ. ஒரு ஆக்சின், பூ, பிஞ்சு உதிராமல் இருக்க லிட்டருக்குக் கால் மில்லி அரை மில்லி என்று சொட்டுக் கணக்கில் கலப்பது. நான் ஒருமுறை மூடியால் அளந்து தக்காளிக்கு அடித்தேன். இரண்டு நாளில் நுனி இலைகள் எல்லாம் சுருண்டு கீழ்நோக்கி வளைந்து, கூப்பிய கை மாதிரி நின்றன. 2,4-டி என்ற களைக்கொல்லியும் ஆக்சின் வகைதான் என்பதை நினைவில் வையுங்கள். கிளை வேண்டுமென்றால் நகமே போதும், காசும் மிச்சம்.

திசு வளர்ப்பில் மட்டும் எப்படி வேலை செய்கிறது?

அங்கே மற்றத் தொந்தரவுகளை எல்லாம் வெட்டியெடுத்து விடுகிறோமே. வாழைக்கன்றின் கிழங்கைச் சீவிச் சீவி, கடைசியில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக வெள்ளை நுனி மிஞ்சும்வரை உரித்து, சுத்தம் செய்து, பி.ஏ.பி. என்ற சைட்டோகைனின் கலந்த ஊடகத்தில் வைப்போம். சில வாரத்தில் கோண மொட்டுகள் எழுந்து கொத்தாக நிற்கும். பிரித்து மறுபடி வைத்தால் மறுபடி கொத்து. போதும் என்றதும் ஆக்சின் உள்ள ஊடகத்துக்கு மாற்றினால் வேர் விடும். ஸ்கூக்கும் மில்லரும் சொன்ன அதே விகிதக் கணக்கு. ஆசைப்பட்டு ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் போனால் இலை மொசைக், குட்டைக் கன்று என்று மாறாட்டம் தலைகாட்டும், அதனால்தான் எல்லை வைத்திருக்கிறார்கள்.

நுனியைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் வைரஸ். செடி முழுக்க வைரஸ் இருந்தாலும் நுனி மேடு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். 1952-இல் பிரான்சில் மொரேல், மார்ட்டின் இருவரும் டாலியாச் செடியில் இப்படி வைரஸ் இல்லாத கன்று எடுத்தார்கள். ஏன் சுத்தமாக இருக்கிறது என்பதில் வுஷெலுக்கும் பங்கு உண்டு, குருத்தணுவுக்குள் வெள்ளரி மொசைக் வைரஸ் பெருகாமல் அது தடுப்பதை 2020-இல் கண்டார்கள்.

நெல் விளைச்சலுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. கதிரில் எத்தனை மணி என்பது கதிரின் ஆக்குத்திசு எத்தனை நாள், எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைப் பொறுத்தது. 2005-இல் ஜப்பானில், சைட்டோகைனினை உடைக்கும் நொதி ஒன்று குறைவாக உள்ள நெல் ரகத்தில் மணிகள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அதற்கு நேர் எதிரான செடியும் உண்டு: சைட்டோகைனினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி பழுதானது. ஆக்குத்திசு சீக்கிரமே சுருங்கிவிடும், பூவில் பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தத்தாள் மட்டும் நிற்கும், சூலகம் இருக்காது. அந்த மரபணுவுக்குத் "தனிக்கட்டைப் பையன்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயர் வைத்து 2007-இல் வெளியிட்டார்கள். மேல்தோலில் இருக்கும் நொதி என்று முன்னால் சொன்னேனே, அந்தக் குடும்பம்தான்.

பூ வந்தபிறகு குருத்தணுக்கள் என்ன ஆகும்?

பூவின் நடுவில் சூலகம் தொடங்கும் நேரத்தில் அகாமஸ் என்ற மரபணு வுஷெலை நிரந்தரமாக அணைத்துவிடும். கடை மூடல். அகாமஸ் பழுதான அராபிடாப்சிஸில் கடை மூடுவதில்லை, இதழுக்குள் இதழ், பூவுக்குள் பூ என்று போய்க்கொண்டே இருக்கும். அடுக்கு ரோஜாவில் மகரந்தத்தாள் வர வேண்டிய இடத்திலெல்லாம் இதழ் நிற்பதும் அகாமஸின் எல்லை சுருங்கியதால்தான்.

வேர் நுனியிலும் இதேதானா?

அச்சு ஒன்று, ஆட்கள் இடம் மாறியிருக்கிறார்கள். அங்கே நடுவில் ஆக்சின்தான் உச்சம், சைட்டோகைனின் செல்களை முதிரச் செய்து வெளியே அனுப்புகிறது. மேலே காப்பாற்றுகிறவர் கீழே வழியனுப்புகிறவர். வுஷெலின் சொந்தக்கார மரபணு ஒன்று அங்கே காவல்.

நுண்ணோக்கி இல்லாமல் இதையெல்லாம் பார்க்க வழி உண்டா?

முட்டைக்கோஸை மேலிருந்து கீழாக, நடுத்தண்டு தெரிகிற மாதிரி வெட்டுங்கள். கோஸ் என்பதே ஒரு ராட்சச நுனி மொட்டுதான். வெள்ளைத் தண்டு கூம்பி முடிகிற இடத்தில் இலைகள் சின்னதாகிச் சின்னதாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும், மேடு அங்கே இருக்கிறது. பக்கவாட்டில் இலைக் கக்கங்களில் குட்டிக் குட்டியாகக் கோண மொட்டுகளும் தெரியும், அவற்றை எண்ணலாம்.

காலிஃபிளவர் இன்னும் சுலபம், அதில் நீங்கள் தின்பதே ஆக்குத்திசுவைத்தான். பூவாக மாறப் புறப்பட்ட ஒவ்வொரு நுனியும் முடிக்க முடியாமல் பக்கத்தில் இரண்டு மூன்று நுனியைப் பெற, அவையும் முடிக்க முடியாமல் மேலும் சிலதைப் பெற, அப்படியே ஆயிரக்கணக்கில் குவிந்ததுதான் அந்த வெள்ளைத் தயிர்க்கட்டி. உப்பு வெந்நீரில் போடுவதற்கு முன் ஒரு பூங்கொத்தைக் கிள்ளி, அதிலிருந்து ஒன்றைக் கிள்ளி, அதிலிருந்தும் ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ரவை மாதிரி மணிமணியாக இருக்கும்.